பூனையும் சாக்கும்

பூனையைப் பற்றி ஒரு கத்தோலிக்க வாரப் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். விசுவாசம், குடும்பம், கல்வி, சமாதானம் என்று எத்தனையோ பெரிய விடயங்கள் காத்திருக்க, அடுப்படியில் சுருண்டு கிடக்கும் பூனைக்கு இத்தனை பத்திகளா? கேள்வி நியாயமானதே. ஆனால் நமது நீதி பெரிய சபைகளில் மாத்திரம் சோதிக்கப்படுவதில்லை. வாய் பேசத் தெரியாத ஓர் உயிருக்கு, எவரும் காணாத இடத்தில் நாம் என்ன செய்கிறோம் என்பதிலும் அது சோதிக்கப்படுகிறது.

மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, ஏறாவூருக்குப் போகும் பெருவீதியில், வாவியை அண்டி இருக்கிறது தன்னாமுனை. புனித சூசையப்பரின் பாதுகாவலில் வாழும் ஊர். வாவி மீன் வந்து சேரும் ஊர்களில் பூனைகளுக்குக் குறைவிருப்பதில்லை. திரளியோ மணலையோ வெட்டுகிற சத்தம் குசினியில் கேட்டால் போதும், வேலியோரத்தில் இரண்டு மூன்று முகங்கள் தோன்றிவிடும். அவற்றுள் ஒன்று எப்படியோ வீட்டுக்குள் வந்து, வீட்டுப் பூனையாகிவிடும். இப்படி வந்த பூனைகளால் நம் வீடுகளில் எழும் வழக்கு ஒன்று உண்டு. அதைத்தான் இங்கே ஆராய விரும்புகிறோம்.

அன்பும் தொல்லையும்

நமக்குத் தெரிந்த ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். தாய், தகப்பன், மூன்று பிள்ளைகள், அம்மம்மா. கார்த்திகை மழையில் விறகுக் கட்டுக்கடியில் நனைந்து கத்திக்கொண்டிருந்த ஒரு பெட்டைக் குட்டியைப் பிள்ளைகள் தூக்கி வந்தார்கள். தகப்பன் முதலில் முகம் சுளித்தார். இரண்டு நாள் கழித்து அவரே தம்முடைய கோப்பையிலிருந்து மீன்முள்ளை எடுத்து அதற்குப் போட்டார். அன்று முதல் அது அந்த வீட்டின் உரித்தாளியாயிற்று.

அதன் அன்பிலே குறை சொல்ல முடியாது. பாடசாலை விட்டுப் பிள்ளைகள் வரும் நேரம் படலையடியில் காத்திருக்கும். மாலையில் செபமாலை சொல்லும்போது அம்மம்மாவின் மடியில் ஏறி, முன்னங்கால்களால் மாறி மாறிச் சேலையைப் பிசைந்து, கண்ணை மூடி உறுமிக்கொண்டிருக்கும். ஐந்தாவது காரணிக்கம் முடியுமுன் அது உறங்கிவிடும். சில வேளை கடைசிப் பிள்ளையும் அதன்மேல் தலைசாய்த்து உறங்கிவிடுவான்.

ஆனால் அதன் தொல்லைக்கும் குறைவில்லை. தடவிக்கொடுத்தால் சுகமாகக் கிடக்கும். திடீரென்று திரும்பிக் கையைக் கவ்வும். தாய் முகம் திருப்பிய கணத்தில் பொரித்த மீன் மறையும். விடியற்காலை மூன்று மணிக்குக் கதவைச் சுரண்டிக் குடும்பத்தையே எழுப்பும். கதிரையின் துணி கிழிந்து தொங்குகிறது. ஒருநாள் செத்த ஓணான் ஒன்றைக் கொண்டுவந்து திருவிருதயப் படத்தின் கீழே வைத்துவிட்டு, பாராட்டை எதிர்பார்ப்பது போல நின்றது. இவ்வளவுக்கும் மேலாக, ஒரே வருடத்தில் இரண்டாம் முறையும் குட்டி போட்டது, இம்முறை நான்கு.

அன்றிரவு தகப்பன் சொன்னார்: “நாளைக்கு எல்லாத்தையும் சாக்கில கட்டிக் கொண்டு போய் எங்கயாவது சந்தைப் பக்கம் உட்டுட்டு வாறன்.”

அம்மம்மா சொன்னார்: “மருமகன், அது உங்கள நம்பித்தானே கிடக்கு.”

கடைசிப் பிள்ளை கேட்டான்: “அங்க அதுக்கு ஆர் சோறு போடுவாங்க?”

அந்தக் கேள்விக்கு வீட்டில் ஒருவராலும் மறுமொழி சொல்ல முடியவில்லை. நாமும் அதற்கு மறுமொழி சொல்ல முயன்றால்தான் இந்த வழக்கு தீரும்.

பூனைக்குக் குற்றம் உண்டா?

தமிழிலே பூனைக்கு நல்ல பெயர் இல்லை. கள்ளப்பூனை என்போம். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்போம். நிலையான மனமில்லாதவனை மதில்மேல் பூனை என்போம். ஞானஸ்நானம் பெற்ற நம்முள்ளும் சிலர், பூனை குறுக்கே போனால் சைக்கிளை நிறுத்தி ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போகிறார்கள். பாவம், பூனைக்கு இந்தச் சகுனம் எதுவும் தெரியாது. அது தன் வழியே எலியைத் தேடிப் போகிறது.

திருட்டு என்பது பிறர் பொருள் என்று தெரிந்தும் எடுப்பது. பூனைக்கு ‘உன்னுடையது’, ‘என்னுடையது’ என்ற அறிவு இல்லை. நன்றிகெட்ட தனம் என்பது நன்மையை உணர்ந்தும் மறப்பது. அதற்குரிய சுயாதீனமும் பூனைக்கு இல்லை. பாவம் செய்யும் ஆற்றல் புத்தியும் சித்தமும் உள்ளவனுக்கே உண்டு என்று ஞானோபதேச வகுப்பில் படித்தோம். அப்படியானால் நாம் பூனையின் மேல் சுமத்தும் குற்றங்கள் எல்லாம் உண்மையில் அதன் சுபாவமே தவிர, குற்றங்கள் அல்ல.

அந்தச் சுபாவம் எங்கிருந்து வந்தது என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள். நாயின் மூதாதையான ஓநாய் கூட்டமாக வாழ்ந்து கூட்டமாக வேட்டையாடிய மிருகம். ஆகவே நாய் நம்மோடு இணங்கி நடக்க எளிதில் பழகுகிறது. பூனையின் மூதாதையோ மத்திய கிழக்கிலும் ஆபிரிக்காவிலும் தனித்து வேட்டையாடிய காட்டுப்பூனை. மனிதன் தானியம் சேர்க்கத் தொடங்கிய காலத்தில், எலிகளைத் தேடி அது களஞ்சியத்துக்கு வந்தது. சைப்பிரஸ் தீவில் சுமார் 9,500 வருடங்களுக்கு முன் ஒரு மனிதனுக்கு அருகே பூனை ஒன்றும் அடக்கம் செய்யப்பட்டிருந்ததை ஆராய்ச்சியாளர் 2004-ல் வெளியிட்டார்கள். அத்தனை காலம் நம்மோடு இருந்தும், ஆணைக்கு அடங்கும் பழக்கத்தை அது கற்கவில்லை. நாமும் அதனிடம் எலி பிடிப்பதைத் தவிர வேறொன்றையும் பெரிதாகக் கேட்கவில்லை.

மடியைப் பிசைவது, குட்டியாயிருந்தபோது தாயின் மடியைப் பிசைந்து பால் குடித்த பழக்கம். மரத்தைச் சுரண்டுவது, நகத்தின் பழைய உறையைக் கழற்றவும் தன் வாசனையை அடையாளமாக விடவும். தடவும் கையைக் கடிப்பது பெரும்பாலும் ‘இனிப் போதும்’ என்பதற்கு. அதற்கு முன்பே வாலை அடித்தும் காதைச் சாய்த்தும் அது சொல்லியிருக்கும், நாம் கவனித்திருக்க மாட்டோம். இன்னொன்றும் உண்டு. வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் ‘மியாவ்’ என்று அதிகம் கத்திக்கொள்வதில்லை. அந்தச் சத்தத்தைப் பெரும்பாலும் மனிதரிடமே எழுப்புகின்றன. நம்மோடு பேசுவதற்கென்று அது வைத்திருக்கும் ஒரே வார்த்தை அது. விடியற்காலை மூன்று மணிக்குக் கேட்கும்போது நமக்குக் கோபம் வருவது வேறு விடயம்!

வேதாகமத்தில் பூனை

பரிசுத்த வேதாகமத்தில் ஆடும் மாடும் ஒட்டகமும் கழுதையும் நிறைய உண்டு. தோபித்து ஆகமத்தில், தோபியாஸ் சம்மனசோடு பயணம் போகையில் ஒரு நாயும் கூடவே போய்த் திரும்பி வருகிறது. பூனையோ ஓரிடத்தில் மாத்திரம் வருகிறது. பாரூக்கு ஆகமம் 6-ம் அதிகாரத்தில், விக்கிரகங்களின்மேல் பறவைகளோடு பூனைகளும் ஏறி உட்காருகின்றன என்று சொல்லப்படுகிறது. எதற்கும் பணியாத பூனை, பொய்த் தெய்வங்களுக்கும் பணியவில்லை என்று நாம் மகிழலாம்.

பெயர் வராவிட்டாலும் பாடம் உண்டு. மிருகங்களை ஆதாமிடம் கொண்டுவந்து பெயரிடச் செய்தார் ஆண்டவர். பெயரிடுவது உரிமை மட்டும் அல்ல, பொறுப்பும் ஆகும். ஜலப்பிரளயத்தின்பின் செய்த உடன்படிக்கையில் நோவாவோடு சகல ஜீவன்களையும் சேர்த்துக்கொண்டார். நீதிமான் தன் மிருகத்தின் தேவையை அறிந்தவன் என்று நீதிமொழிகள் ஆகமம் போதிக்கிறது. தாவீது அரசனின் பாவத்தை உணர்த்தவந்த நாத்தான் தீர்க்கதரிசி, ஓர் ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பற்றிச் சொன்னார். அது ஏழையின் உணவில் பங்குண்டு, அவன் மடியிலே உறங்கி, அவனுக்கு மகளைப் போல இருந்தது. அந்த அன்பைத் தீர்க்கதரிசி நகைக்கவில்லை. அரசனின் மனச்சாட்சியைத் தட்டியெழுப்ப அந்த அன்பையே எடுத்துக்கொண்டார்.

1992-ல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இதைத் தெளிவாக வகுத்துத் தருகிறது. மிருகங்கள் இறைவனின் சிருஷ்டிகள். அவற்றுக்கு மனிதர் தயவு காட்டக் கடமைப்பட்டவர்கள். தேவையின்றி அவற்றைத் துன்புறுத்துவது மனித மாண்புக்கே முரணானது. அதே இடத்தில் மறுபக்கத்தையும் அது சொல்லுகிறது. மனிதரின் துயர் தீர்க்கச் செலவிட வேண்டியதை மிருகங்களுக்குக் கொட்டுவதும், மனிதருக்கே உரிய பாசத்தை மிருகங்களுக்குக் கொடுப்பதும் தகாது. இந்த இரு பக்கங்களையும் சேர்த்துப் பிடித்தால்தான் நமது வழக்கில் நீதி கிடைக்கும்.

இரண்டு சாக்குகள்

இனிச் சாக்குக்கு வருவோம். நம் நாட்டில் பூனையைக் கொல்வது பெரும் பாவம் என்ற எண்ணம் ஆழ வேரூன்றியிருக்கிறது. ஆகவே எவரும் கொல்வதில்லை. பதிலாகச் சாக்கில் கட்டி, சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ ஏற்றி, வாசனை பிடித்துத் திரும்பி வராத தூரத்தில், சந்தையடியிலோ பாலத்தடியிலோ கோயில் வளவிலோ விட்டுவிட்டு வருகிறோம். ‘கொல்லவில்லையே, விட்டுத்தானே வந்தோம்’ என்று மனச்சாட்சியைத் தேற்றிக்கொள்கிறோம். சணல் சாக்கில் பூனையைக் கட்டுமுன், நம் மனச்சாட்சியை இந்தச் சாக்கில் கட்டிவிடுகிறோம்.

விட்ட பூனைக்கு என்ன நேர்கிறது? தெரியாத இடம். அங்கே ஏற்கெனவே இருக்கும் பூனைகள் அதை விரட்டும். தெருநாய்கள் உண்டு. பெருவீதியில் வாகனங்கள் உண்டு. கண் திறந்து சில நாளேயான குட்டிகளுக்குத் தாய்ப்பால் இல்லையென்றால் ஆயுள் மிகக் குறுகியது. கொல்லும் வேலையை நாம் செய்யவில்லை. பசியிடமும் நாயிடமும் வீதியிடமும் ஒப்படைத்தோம். பிலாத்துவும் தன் கையால் எவரையும் அறையவில்லை. கை கழுவிவிட்டு ஒப்புக்கொடுத்தான். ஆண்டவரின் பாடுகளோடு பூனையை ஒப்பிடுவதாக எவரும் நினைக்க வேண்டாம். கை கழுவும் விதம் எங்கும் ஒன்றே என்பதைத்தான் சொல்லுகிறோம்.

‘காட்டிலே எத்தனையோ பூனைகள் தாமாக வாழ்கின்றனவே’ என்பார்கள். காட்டுப்பூனைக்கு நாம் கடன்பட்டவர்கள் அல்லர். வீட்டுப் பூனையின் நிலை வேறு. அதைத் தூக்கி வந்தவர்கள் நாம். கோப்பையிலிருந்து ஊட்டியவர்கள் நாம். மனிதனின் காலடிச் சத்தம் கேட்டால் ஓடிப்போகும் இயல்பை மாற்றி, ஓடிவரும் இயல்பைப் பழக்கியவர்களும் நாமே. அதன் நம்பிக்கை நம் கையால் உண்டானது. உண்டாக்கியவன் அதற்குப் பொறுப்பாளி. அம்மம்மா சொன்ன அந்த ஒரு வசனத்தின் பொருள் இதுதான்.

இங்கே ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. 1978 நவம்பர் 23-ம் திகதி மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியிலும், யுத்த காலத்து இடப்பெயர்வுகளிலும், 2004 டிசம்பர் 26-ம் திகதிச் சுனாமியிலும் நம் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வளர்த்த உயிர்கள் பின்னே நின்றுபோயின. அப்படி விட்டு வந்தவர்களை எவன் குறைசொல்வான்? உயிர் தப்பும் வேளையில் கைவிடுவது நிர்ப்பந்தம். கதிரைத் துணி கிழிந்ததற்காகக் கைவிடுவது நம் விருப்பம். மனச்சாட்சி கணக்குக் கேட்பது விருப்பத்துக்கே.

அன்புக்கு எல்லை எது?

எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். 2022-ம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளுக்கே மீனும் பாலும் இல்லாமற் போயின. அப்போது பூனைக்குப் பங்கு கேட்பது நியாயமா என்று ஒரு தாய் கேட்டால், பிள்ளைக்கே முதலிடம் என்பதே திருச்சபையின் மறுமொழி. இதில் ஐயத்துக்கு இடமில்லை. அயல்வீட்டுப் பிள்ளை பசித்திருக்க, தகரத்தில் அடைத்த விலையுயர்ந்த உணவைப் பூனைக்குத் திறப்பவர் தம் அன்பின் ஒழுங்கைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

2022 ஜனவரி 5-ம் திகதி, பாப்பரசர் பிரான்சிஸ் புனித சூசையப்பரைப் பற்றிய தமது மறைக்கல்வியில், பிள்ளைகளுக்குப் பதிலாக நாயையும் பூனையையும் வைத்துக்கொள்ளும் போக்கைக் கண்டித்தார். உலகெங்கும் பலர் முணுமுணுத்தார்கள். ஆனால் அவரே 2015-ல் ‘லவ்தாத்தோ சீ’ சுற்றுமடலில் சிருஷ்டிகள் அனைத்தின்மேலும் நமக்குள்ள கடமையை உலகுக்கு எடுத்துரைத்தவர். அவருக்கு முன்னிருந்த பாப்பரசர் பதினாறாம் பெனடிக்ட் பூனைகள்மீது பிரியமுள்ளவர் என்பது பலரும் அறிந்தது. இவற்றுள் முரண்பாடு இல்லை. பூனையைப் பிள்ளையாக்குவதும் தவறு. பூனையைக் குப்பையாக்குவதும் தவறு. பூனையைப் பூனையாக வைத்து அன்பு செய்வதே ஒழுங்கு.

அப்படி அன்பு செய்வது எளிதல்ல. சொன்னபடி கேட்பவரை நேசிக்கும்போது, அதில் எவ்வளவு நேசம், எவ்வளவு நம் வசதி என்று பிரித்தறிய முடியாது. சொன்னபடி கேளாத ஒன்றை, அதன் சுபாவத்தோடு பொறுத்து, அதற்கு வேண்டியதைச் செய்யும்போது அது தெரியவரும். பூனை நமக்குச் செய்யும் உதவி எலி பிடிப்பது மாத்திரமல்ல.

செய்யக்கூடியவை

பொறுமை என்பது சும்மா இருப்பதல்ல. தொல்லையைக் குறைக்க வழிகள் உண்டு. மீனை மூடி வைப்பதும் உறியில் வைப்பதும் நம் பாட்டிமார் அறிந்த ஞானம். கதிரையைச் சுரண்டும் பூனைக்குத் தும்புக்கயிறு சுற்றிய ஒரு தென்னங்குற்றியைப் பக்கத்தில் நட்டுக் கொடுத்தால் பெரும்பாலும் அதற்கு மாறிவிடும். அடித்தால் அது பாடம் கற்பதில்லை. அடித்தவரைப் பயப்பட மட்டும் கற்கும். பூனை மாமிச உணவாலேயே வாழும்படி அமைந்தது. வெறும் சோற்றிலும் பருப்பிலும் அது நலமாயிராது. நாம் கழிக்கும் மீன்தலையும் குடலும் அவித்துக் கொடுத்தாலே பெரிய உதவி. இரவில் படுக்குமுன் சிறிது விளையாட விட்டுப் பின் உணவு வைத்தால் விடியற்காலைக் கச்சேரியும் குறையக்கூடும்.

கடியை அலட்சியம் செய்யலாகாது. விசர்நோய் நாயால் மட்டுமல்ல, பூனையாலும் வரும். கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதியாமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பூனைக்கும் தடுப்பூசி போடுவிப்பது வீட்டாரின் கடமை.

குட்டிகளின் பிரச்சினையே சாக்குக்கு மூலகாரணம். பெட்டைப் பூனை நான்கைந்து மாதத்திலேயே சினைப்படக்கூடும். சுமார் 63 முதல் 65 நாளில் குட்டி போடும். வருடத்தில் இரண்டு மூன்று முறையும் போடும். மிருக வைத்தியரைக் கொண்டு சத்திரசிகிச்சை செய்வித்தால் இது நிற்கும். ‘திருச்சபை கருத்தடையை ஏற்பதில்லையே’ என்று சில பக்தியுள்ள தாய்மார் தயங்குவதை அறிவோம். பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1968-ல் வெளியிட்ட சுற்றுமடல் மனிதரின் திருமண வாழ்வைப் பற்றியது, மிருகங்களைப் பற்றியதல்ல. பசித்துச் சாவதற்கென்றே குட்டிகள் பிறவாதபடி தடுப்பது இரக்கத்தின் செயல். நாம் சொன்ன வீட்டிலும் அதுவே நடந்தது. மூன்று குட்டிகளுக்கு அயலில் வீடு கிடைத்தது. ஒன்று தாயோடு தங்கிவிட்டது. தகப்பன் இப்போதும் முணுமுணுத்துக்கொண்டே மீன்முள் போடுகிறார்.

பிள்ளைகள் பார்க்கிறார்கள்

மிருகங்களைக் கொடுமை செய்து பழகியவன் மனிதரையும் கொடுமை செய்யப் பழகுவான் என்று புனித அக்குவினா தோமையார் பல நூறு வருடங்களுக்கு முன்பே எச்சரித்தார். அதை நம் வீட்டளவில் இப்படிச் சொல்லலாம்: சாக்கின் வாயைக் கட்டும்போது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நேற்றுவரை மடியில் கிடந்தது, தொல்லை தரத் தொடங்கியதும் வீட்டுக்கு வேண்டாததாயிற்று என்பதைப் பார்க்கிறார்கள். இந்த வீட்டில் அன்பு எதுவரை என்று அளந்துகொள்கிறார்கள்.

நாளை அதே வீட்டில் பரீட்சையில் தவறிய பிள்ளை இருப்பான். குடிக்கு அடிமையான மூத்தவன் இருக்கக்கூடும். ஞாபகம் மங்கி, ஒரே கேள்வியை இருபது முறை கேட்டு, இரவில் எழுந்து கதவைத் தட்டும் தாய் தகப்பன் இருப்பார்கள். அவர்களைப் பூனையோடு ஒப்பிடவில்லை. அவர்களின் மாண்பு அளவிடற்கரியது. ஆனால் தொல்லை தருபவரை என்ன செய்வது என்ற பாடத்தைப் பிள்ளைகள் அவர்களிடமிருந்து கற்கத் தொடங்குவதில்லை. அதற்கு வெகு முன்பே, அடுப்படியில், ஒரு சிறிய உயிரிடமிருந்து கற்றுவிடுகிறார்கள்.

ஆகவே, கத்தோலிக்கப் பெற்றோரே, பூனையை வளர்க்க முடியாது என்றால் முதல் நாளே நன்றாக யோசித்து, வேறொரு நல்ல வீட்டைத் தேடிக் கொடுங்கள். ஏற்றுக்கொண்டால் கடைசிவரை காப்பாற்றுங்கள். இரண்டு காசுக்கு விற்கப்படும் சிட்டுக்குருவியையும் மறவாத பிதா, தம்மிடம் முறையிடத் தெரியாத உயிர்களை நம்மிடம் ஒப்படைத்திருக்கிறார். அடங்காத நம்மையும் நாள்தோறும் பொறுத்து நடத்துகிற அவரே, அடங்காதவற்றைப் பொறுக்கும் இருதயத்தை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் அருள்வாராக.